வளையத்துக்குள் எத்தனை தாள்?

காந்தப்பாயத்தைப் புரிந்துகொள்ள ஒரு வழி

நெல் விளைச்சலைக் கணிக்க வரும் அலுவலர்கள் ஊர் வயலை முழுவதும் அறுத்து எடை போடுவதில்லை. தேர்ந்தெடுத்த வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் ஒன்றை அளந்து கயிறு கட்டுகிறார்கள். அதற்குள் நிற்கும் பயிரை மட்டும் அறுத்து, அடித்து, எடை பார்க்கிறார்கள். அந்த 25 சதுர மீட்டரை வைத்து மொத்த விளைச்சலுக்குக் கணக்குப் போடுகிறார்கள்.

அந்தச் சதுரத்தைச் சுருக்கி ஒரு கம்பி வளையம் என்று வைத்துக்கொள்வோம். நிமிர்ந்து நிற்கும் பயிரின்மேல் வளையத்தைப் படுக்கை வாட்டமாக இறக்கினால் சில தாள்கள் அதன் வழியே மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். நெருக்கி நட்ட வயலில் அந்த எண்ணிக்கை கூடும், கலக்க நட்ட வயலில் குறையும். பெரிய வளையம் அதிகத் தாள்களைப் பிடிக்கும். வளையத்தைச் சாய்த்தால் அதற்குள் வரும் தாள்கள் குறையும். தாள்களோடு தாளாக நிமிர்த்தி வைத்தால் ஒன்றுகூட அதன் ஊடே போகாது.

காந்தப்பாயம் என்பது இந்த எண்ணிக்கைதான். காந்தப்புலம் என்பது வயல், காந்தக் கோடுகள் என்பவை தாள்கள், கம்பிச் சுருள் என்பது வளையம். வயலுக்கும் புலம் என்று ஒரு பெயர் தமிழில் உண்டு. நிலப் பதிவேட்டில் ‘புல எண்’ என்று எழுதுகிறோமே, அதே புலம்தான். இயற்பியல் படிக்கத் தொடங்கும் தமிழ் மாணவருக்கு இந்தச் சொல் பெரிய உதவி. புலம் என்றதும் பரந்து கிடக்கும் ஓர் இடமும், அதில் புள்ளிக்குப் புள்ளி மாறுபடும் அடர்த்தியும் மனத்தில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பாயம் என்ற சொல்தான் சற்று ஏமாற்றிவிடுகிறது. பாய்தல் என்ற வினை அதற்குள் இருப்பதால், காந்தத்தின் வடமுனையிலிருந்து ஏதோ ஒன்று ஓடி வந்து தென்முனைக்குள் புகுவதாகப் பல மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அசையாத காந்தத்தின் அருகில் அசையாத வளையம் ஒன்று இருந்தால் அங்கே எதுவும் ஓடுவதில்லை. வயலில் தாள்கள் நிற்பதைப்போலப் புலம் அங்கே நிற்கிறது. மைக்கேல் ஃபாரடே காந்தப்புலத்தை விவரித்த விசைக்கோடுகளை 1855–56இல் ஒரு கட்டுரையில் கணிதமாக்கிய ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், கணக்கின் வசதிக்காக ஒரு பாய்மத்தைக் கற்பனை செய்துகொண்டார். அது வெறும் கற்பனைதான் என்பதை அந்தக் கட்டுரையிலேயே தெளிவாகச் சொல்லியும் வைத்தார்.

மூன்று கேள்விகள்

பாயத்தைப் பற்றிய எந்தக் கணக்கும் மூன்று கேள்விகளில் தொடங்குகிறது. புலம் எவ்வளவு வலிமையானது? வளையம் எவ்வளவு பெரியது? வளையம் புலத்துக்கு எந்த வாட்டத்தில் இருக்கிறது? மூன்றுக்கும் விடை கிடைத்தால் அவற்றைப் பெருக்குவது மட்டுமே பாக்கி. சீரான புலமும் தட்டையான வளையமும் இருக்கும்போது,

காந்தப்பாயம் = காந்தப்புலம் × பரப்பு × கோணத்தின் கொசைன்.

புலத்தை டெஸ்லாவில் அளக்கிறோம். 1 டெஸ்லா என்பது பெரிய அளவு. புவியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் சுமார் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரைதான் இருக்கிறது, அதாவது ஒரு டெஸ்லாவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடைகளில் கிடைக்கும் சிறிய நியோடிமியம் காந்தத்தின் முகத்தை ஒட்டி அது 0.3 டெஸ்லா அளவில் இருக்கும். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவிகளில் 1.5 அல்லது 3 டெஸ்லா என்பது வழக்கம்.

பாயத்தின் அலகு வெபர். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் கார்ல் ஃபிரீட்ரிக் காஸோடு சேர்ந்து 1833இல் மின்தந்தி அமைத்த வில்ஹெல்ம் வெபரின் பெயர் அது. 1 டெஸ்லா புலம் 1 சதுர மீட்டர் சட்டத்தை நேர்குத்தாகக் கடந்தால் அதன் பாயம் 1 வெபர். வீட்டில் புழங்கும் பொருள்களில் அவ்வளவு பாயம் கிடைப்பது அரிது. அங்கெல்லாம் மில்லிவெபரும் மைக்ரோவெபரும்தான்.

இந்த இரண்டு அலகுகளையும் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. புலம் ஒரு புள்ளியைப் பற்றிய செய்தி. ‘இந்த இடத்தில் பயிர் எவ்வளவு நெருக்கம்?’ என்று ஒரே இடத்தைச் சுட்டிக் கேட்கலாம். பாயமோ ஒரு சட்டத்தைப் பற்றிய செய்தி. ‘இந்த இடத்தில் பாயம் எவ்வளவு?’ என்று கேட்டால், எந்தச் சட்டத்தின் வழியே என்று திருப்பிக் கேட்க வேண்டும். சட்டம் இல்லாமல் பாயம் இல்லை.

திருநெல்வேலியில் ஒரு கதவு

கோணம்தான் பலரைத் திணற வைக்கிறது. அதைத் தெளிவாக்கத் தென் தமிழ்நாட்டைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம்.

காந்த நிலநடுக்கோடு திருநெல்வேலிக்கு மிக அருகே செல்கிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் அங்கே ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதற்கும், 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவில் ஏவப்பட்ட முதல் ஆய்வு ராக்கெட் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து கிளம்பியதற்கும் இந்தக் கோட்டின் அருகாமைதான் காரணம். இந்தக் கோட்டில் புவியின் காந்தப்புலம் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல், தரைக்கு இணையாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி இருக்கிறது. திருநெல்வேலியில் அதன் அளவு சுமார் 40 மைக்ரோடெஸ்லா.

அங்கே வடக்குப் பார்த்த வாசலில் 2 மீட்டர் உயரமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட மரக் கதவு ஒன்று சாத்தியிருக்கிறது. புலம் கதவை நேர்குத்தாகக் கடக்கிறது. 40 மைக்ரோடெஸ்லாவை 2 சதுர மீட்டரால் பெருக்கினால் 80 மைக்ரோவெபர். இதுதான் சாத்திய கதவின் பாயம். அதே வீட்டுக் கூடத்தில் கிடக்கும் மேசைப் பலகையின் பாயமோ கிட்டத்தட்ட சுழி. புலம் பலகையை ஒட்டியே செல்கிறது, ஊடே செல்வதில்லை. மேசையை லண்டனுக்குக் கொண்டுபோனால் கதை மாறிவிடும். அங்கே புலம் சுமார் 66 பாகை சரிவில் தரைக்குள் இறங்குவதால், 1 சதுர மீட்டர் பலகையின் வழியே சுமார் 45 மைக்ரோவெபர் பாயம் இருக்கும்.

இனிக் கதவைத் திறக்கலாம். 60 பாகை திறந்தால் பாயம் பாதியாகி 40 மைக்ரோவெபர் ஆகிறது. 60 பாகையின் கொசைன் அரை. 90 பாகை திறந்து கதவு வடக்கு தெற்காக நிற்கும்போது பாயம் சுழி.

80க்கும் சுழிக்கும் நடுவே நிகழ்வதைக் கவனிக்க வேண்டும். சாத்திய நிலையிலிருந்து முதல் 10 பாகை திறக்கும்போது பாயம் 80இலிருந்து 78.8 ஆகிறது, குறைவு வெறும் 1.2 மைக்ரோவெபர். கடைசி 10 பாகையில், 80 பாகையிலிருந்து 90 பாகைக்குப் போகும்போது, 13.9 மைக்ரோவெபர் ஒரே வீச்சில் போய்விடுகிறது. திறந்த தூரம் ஒன்றே என்றாலும் இழந்த பாயம் பத்து மடங்குக்கு மேல். பாயம் உச்சத்தில் இருக்கும்போது அது மெதுவாக மாறுகிறது, சுழியைக் கடக்கும்போது மிக வேகமாக மாறுகிறது. மின்னியற்றி பற்றிய பாடத்தில் இந்தக் கதவு மறுபடியும் வரும்.

எந்தக் கோணம்?

மேற்கண்ட சூத்திரத்தில் வரும் கோணம், புலத்துக்கும் சட்டத்தின் செங்குத்துக் கோட்டுக்கும் இடையே உள்ளது. செங்குத்துக் கோடு என்பது சட்டத்தின் நடுவில் ஆணி அடித்தால் ஆணி நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்தத் திசை. கதவுக்கு அது கைப்பிடி நீட்டியிருக்கும் திசை.

தேர்வுத்தாள்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாணவரைச் சோதிக்கின்றன. ‘0.2 டெஸ்லா புலத்தில் 0.05 சதுர மீட்டர் பரப்புள்ள சுருள் வைக்கப்பட்டுள்ளது. சுருளின் தளம் புலத்தோடு 30 பாகை கோணம் அமைக்கிறது’ என்று ஒரு கேள்வி. 30 என்ற எண்ணைப் பார்த்ததும் அதன் கொசைனைப் போட்டால் 0.00866 வெபர் என்று தவறான விடை வரும். 30 பாகை தளத்துக்கு உரியது. செங்குத்துக் கோட்டுக்கு உரியது 90இல் 30 போக, 60 பாகை. சரியான விடை 0.2 × 0.05 × 0.5 = 0.005 வெபர்.

இதைத் தவிர்க்கக் கை ஒன்றே போதும். உள்ளங்கையைச் சுருளின் தளமாகவும், அதில் குத்தி நிறுத்திய பேனாவைச் செங்குத்துக் கோடாகவும் வைத்துக்கொண்டு, மேசை விளிம்பைப் புலத்தின் திசை என்று கொள்ளலாம். கேள்வியில் சொன்னபடி கையைச் சாய்த்துவிட்டு, பேனாவுக்கும் மேசை விளிம்புக்கும் இடையே உள்ள கோணத்தைப் பார்த்தால் போதும். படம் வரைந்து தொடங்கும் மாணவர்கள் இந்தக் கேள்வியில் அநேகமாகத் தவறுவதில்லை.

ஆணியை எந்தப் பக்கம் நீட்டி அடிப்பது என்றும் ஒரு கேள்வி எழும். திறந்த சட்டத்துக்கு இரு பக்கத்தில் எதையும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்தை எடுத்தால் கணக்கு முடியும்வரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். புலம் ஆணியின் திசையிலேயே போனால் பாயம் நேர்க்குறி, எதிராகப் போனால் எதிர்க்குறி.

துள்ளி அடங்கிய ஊசி

இவ்வளவு கவனமாக ஏன் எண்ண வேண்டும்? விடை 1831இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிடைத்தது.

ஆகஸ்ட் 29. கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகி, பிறகு அறிவியலுக்கு வந்தவர் மைக்கேல் ஃபாரடே. அன்று 6 அங்குல விட்டமுள்ள இரும்பு வளையம் ஒன்றின் இரண்டு பாதிகளிலும் தனித்தனியே செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார். ஒரு சுற்றை மின்கலத்தோடு இணைத்தார். மற்றதன் கம்பியைச் சற்றுத் தள்ளி இருந்த காந்த ஊசியின் மேலாகக் கொண்டுபோயிருந்தார். மின்கலத்தை இணைத்த கணத்தில் ஊசி துள்ளியது. பிறகு அடங்கித் தன் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மின்னோட்டம் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தும் ஊசி அசையவில்லை. இணைப்பைத் துண்டித்தபோது மறுபடியும் துள்ளியது, இம்முறை எதிர்த்திசையில்.

அக்டோபர் 17 அன்று அதைவிட எளிய சோதனை. காகித உருளைமேல் சுற்றிய சுருளுக்குள் எட்டரை அங்குல நீளமுள்ள காந்தத்தைச் சட்டென்று நுழைத்தார். ஊசி அசைந்தது. காந்தம் உள்ளேயே கிடந்தபோது அசைவில்லை. வெளியே இழுத்ததும் எதிர்ப்பக்கம் அசைந்தது.

உள்ளே கிடக்கும் காந்தம் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் அதனால் பயனில்லை. வளையத்துக்குள் எத்தனை கோடுகள் இருக்கின்றன என்பதைச் சுருள் பொருட்படுத்துவதில்லை. அந்த எண்ணிக்கை மாறும்போது மட்டும், மின்னோட்டத்தை ஓட்டும் மின்னியக்கு விசை அதில் பிறக்கிறது. எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு அதிகமாகப் பிறக்கிறது. ஒரு சுற்றின் பாயம் 1 நொடியில் சீராக 1 வெபர் மாறினால் அதில் 1 வோல்ட் தோன்றும். வெபர் என்ற அலகின் பொருளே இதுதான். சுருளில் நூறு சுற்று இருந்தால் ஒவ்வொரு சுற்றும் தன் பங்கைச் சேர்ப்பதால் நூறு வோல்ட்.

தூண்டப்படும் மின்னியக்கு விசை = சுற்றுகளின் எண்ணிக்கை × பாய மாற்றம் ÷ எடுத்துக்கொண்ட நேரம்.

திருநெல்வேலிக் கதவுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். கதவின் ஓரம் முழுக்க ஒரு சுற்றுக் கம்பி ஓட்டி, 1 நொடியில் முழுக்கத் திறந்தால் சராசரியாக 80 மைக்ரோவோல்ட் தோன்றும். சாதாரண மல்டிமீட்டர் அதைக் காட்டாது. 100 சுற்று ஓட்டினால் 8 மில்லிவோல்ட். 200 மில்லிவோல்ட் அளவில் வைத்த மல்டிமீட்டரில் எண்கள் அசையத் தொடங்கும் அளவு அது.

ஃபாரடேவும் புவியின் புலத்தை விட்டுவைக்கவில்லை. 1832 ஜனவரியில் தேம்ஸ் ஆற்றின் வாட்டர்லூ பாலத்தில் 960 அடி செம்புக் கம்பியை நீட்டி, அதன் முனைகளை ஆற்றில் இறக்கினார். ஓடும் தண்ணீரே புவியின் புலத்தில் நகரும் கடத்தியாகி மின்சாரம் தரும் என்பது அவர் எதிர்பார்ப்பு. தெளிவான விடை கிடைக்கவில்லை, ஆனால் அவர் தேடிய விளைவு உண்மையானது. குழாயில் ஓடும் நீரின் அளவை இதே தத்துவத்தில் கணிக்கும் மின்காந்தப் பாய்வுமானிகள் இன்று ஆலைகளில் இயங்குகின்றன.

வீட்டில் செய்து பார்க்க

தேவையானவை: ஒரு சாண் நீள அரை அங்குல பிவிசி பைப், 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள நியோடிமியம் காந்தம், மோட்டார் காயில் கட்டும் கடைகளில் எடை போட்டு விற்கும் எனாமல் பூசிய 34 கேஜ் செம்புக் கம்பி 50 கிராம், இரண்டு சிவப்பு எல்.இ.டி.

பைப்பின் நடுவில் 2 சென்டிமீட்டர் அகலத்துக்குள் 1,200 சுற்று சுற்ற வேண்டும். அகலமாகப் பரப்பிச் சுற்றினால் காந்தம் எல்லாச் சுற்றுகளையும் ஒரே நேரத்தில் எட்டாது. கம்பியின் இரு முனைகளிலும் எனாமலை நன்றாகச் சுரண்ட வேண்டும். சோதனை பலிக்கவில்லை என்றால் பெரும்பாலும் இதில்தான் குறை இருக்கும். முனைகளில் இரண்டு எல்.இ.டி.களையும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இணைத்துவிட்டு, காந்தத்தை உள்ளே போட்டு, பைப்பின் வாய்கள் இரண்டையும் அடைத்துக் குலுக்கினால் இருட்டறையில் எல்.இ.டி.கள் மாறி மாறி மின்னும்.

ஏன் 1,200? அதற்கும் கணக்கு இருக்கிறது. காந்தத்தின் முகப்பரப்பு ஏறத்தாழ 1 சதுர சென்டிமீட்டர். 0.3 டெஸ்லாவால் பெருக்கினால் 30 மைக்ரோவெபர். குலுக்கும்போது காந்தம் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போனால் 2 சென்டிமீட்டர் சுருளைக் கடக்க 0.02 நொடி ஆகும். 1,200 × 0.00003 ÷ 0.02 = 1.8 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. ஒளிரத் தேவைப்படும் அளவு ஏறத்தாழ அதுதான். தோராயக் கணக்கானாலும் எங்கே கை வைத்தால் என்ன மாறும் என்பதை இது காட்டிவிடுகிறது. 300 சுற்றோடு நிறுத்தினால் விளக்கு எரியாது. காந்தத்தை மெல்ல உருட்டிவிட்டாலும் எரியாது.

இரண்டு எல்.இ.டி. மாறி மாறி மின்னுவதுதான் இந்தச் சோதனையின் முக்கியமான காட்சி. காந்தம் சுருளை நெருங்கும்போது பாயம் கூடுகிறது, விலகும்போது குறைகிறது. கூடும்போது ஒரு திசையிலும் குறையும்போது எதிர்த்திசையிலும் மின்னோட்டம் ஓடுகிறது. ஃபாரடேயின் ஊசி இரண்டு பக்கமும் அசைந்ததும் இதனால்தான்.

நியோடிமியம் காந்தங்களைச் சிறு குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். இதயமுடுக்கி பொருத்தியவர்களும் அவற்றை நெருங்காமல் இருக்க வேண்டும்.

மாற்றத்தை எதிர்க்கும் திசை

அதே காந்தத்தை அலுமினியத் திரைச்சீலைக் குழாய் ஒன்றுக்குள் நிமிர்த்தி விட்டுப் பார்க்கலாம். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. ஆனாலும் காந்தம் தேன் பாட்டிலுக்குள் விட்ட கோலிபோல நிதானமாக இறங்கும். அதே கனமுள்ள இரும்புத் துண்டு தொப்பென்று விழுந்துவிடும்.

குழாயை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளையங்களாகப் பார்க்க வேண்டும். விழும் காந்தத்துக்குக் கீழே உள்ள வளையத்தில் பாயம் கூடுகிறது. அந்தக் கூடுதலைத் தடுக்கும் திசையில் மின்னோட்டம் பிறந்து காந்தத்தை மேலே தள்ளுகிறது. மேலே உள்ள வளையத்தில் பாயம் குறைகிறது, அந்தக் குறைவைத் தடுக்கும் மின்னோட்டம் காந்தத்தைப் பிடித்து இழுக்கிறது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய ஹைன்ரிக் லென்ஸ் 1834இல் வகுத்த விதி இது. தூண்டப்படும் மின்னோட்டம் பாயத்தை எதிர்க்கிறது என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். அது எதிர்ப்பது பாயத்தில் நேரும் மாற்றத்தை. பாயம் குறையும்போது அதே மின்னோட்டம் பாயத்துக்குத் துணையாக நிற்கிறது.

மாற்றும் வழிகள்

பாயத்தை மாற்ற மூன்று வழிகள்தான் உண்டு, சூத்திரத்தில் மூன்று உறுப்புகள் இருப்பதால். எந்தக் கருவியைப் பார்த்தாலும் இந்த மூன்றில் எது மாறுகிறது என்று கேட்டுப் பழகினால் பாடம் கையில் நிற்கும்.

கோணத்தை மாற்றுவது மின்னியற்றியின் வழி. நிற்காமல் சுற்றும் திருநெல்வேலிக் கதவுதான் அது. மின்நிலையங்களில் சுருள் நிலையாக இருக்க, உள்ளே காந்தம் சுழல்கிறது. இரண்டு முனைகள் கொண்ட காந்தம் நிமிடத்துக்கு 3,000 தடவை சுழன்றால் நொடிக்கு 50 சுழற்சி, நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் கிடைத்துவிடும். பாயம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் மின்னியக்கு விசை சுழியாகவும், பாயம் சுழியாகும் கணத்தில் அது உச்சமாகவும் இருப்பது ஏன் என்று குழம்புகிறவர்கள், கதவின் முதல் 10 பாகையையும் கடைசி 10 பாகையையும் நினைத்துக்கொண்டால் போதும். பழைய சைக்கிள் டைனமோவும் இதே இனம். வேகமாக மிதித்தால் பாயம் விரைவாக மாறும், விளக்கு பிரகாசிக்கும். சிக்னலில் நின்றால் விளக்கு அணைந்துவிடும்.

புலத்தின் வலிமையை மாற்றுவது மின்மாற்றியின் வழி. ஃபாரடேயின் இரும்பு வளையம்தான் அதன் மூதாதை. முதல் சுருளில் ஓடும் மாறுமின்னோட்டம் இரும்புக்குள் பாயத்தை ஏற்றி இறக்குகிறது. அதே பாயம் இரண்டாம் சுருளின் ஒவ்வொரு சுற்றையும் கடக்கிறது. ஆகவே இரு பக்கமும் சுற்று ஒன்றுக்கு ஒரே வோல்ட்தான். மின்மாற்றி சுற்றுகிறவர்கள் ‘வோல்ட்டுக்கு எத்தனை சுற்று’ என்று கணக்குப் போடுவதன் காரணம் இது. வோல்ட்டுக்கு 4 சுற்று என்றால் 230 வோல்ட் பக்கத்துக்கு 920 சுற்று, 12 வோல்ட் பக்கத்துக்கு 48 சுற்று. அந்த இரும்புக்குள் ஏறி இறங்கும் பாயத்தின் உச்சம் சுமார் 1.1 மில்லிவெபர்தான். மின்மாற்றியில் மின்கலத்தை இணைத்தால் அடுத்த பக்கம் ஏன் எதுவும் தொடர்ந்து வருவதில்லை என்பதற்கு, துள்ளி அடங்கிய அந்த ஊசியே விடை.

இண்டக்‌ஷன் அடுப்பும் இந்த வழியில் வேலை செய்வதுதான். கண்ணாடிக்கு அடியில் உள்ள சுருளில் மின்னோட்டம் நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் மாறுகிறது. பாத்திரத்தின் அடிப்பகுதியே ஒற்றைச் சுற்று வளையமாகி, அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து சூடாகிறது. மண்சட்டியில் மின்னோட்டம் ஓடாது. சாதாரண அலுமினியப் பாத்திரத்தில் ஓடினாலும் மின்தடை மிகக் குறைவு என்பதால் போதிய சூடு வராது. பாத்திரக் கடையில் அடிப்பகுதியில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் வாங்கலாம்.

பரப்பை மாற்றுவது மூன்றாம் வழி. கம்பிச் சட்டத்தைப் புலம் உள்ள பகுதியிலிருந்து வெளியே இழுக்கும்போது புலத்துக்குள் இருக்கும் பரப்பு சுருங்கிக்கொண்டே வரும். தண்டவாளம்போல் கிடக்கும் இரு கம்பிகள்மேல் மூன்றாவது கம்பி உருளும் கணக்குகள் எல்லாம் இந்த வகை.

வேர் இல்லாத பயிர்

வயல் உவமை ஓர் இடத்தில் உடைகிறது. நெற்பயிருக்கு வேர் உண்டு, நுனி உண்டு. காந்தக் கோடுகளுக்கு இரண்டும் இல்லை. காந்தத்துக்கு வெளியே வடமுனையிலிருந்து தென்முனைக்குப் போகும் கோடு, காந்தத்துக்குள்ளேயே தென்முனையிலிருந்து வடமுனைக்குத் திரும்பி வட்டத்தை முடித்துக்கொள்கிறது.

அதனால் ஒரு காந்தத்தைக் காகிதப் பைக்குள் போட்டு வாயை மூடிவிட்டால், பையின் மொத்தப் பரப்பின் பாயம் சுழி. வெளியே வரும் ஒவ்வொரு கோடும் எங்கோ ஓரிடத்தில் உள்ளே நுழைந்தாக வேண்டும். வடமுனையை மட்டும் பைக்குள் வைக்கலாம் என்று காந்தத்தை இரண்டாக உடைத்தால், உடைந்த துண்டிலும் இரு முனைகள் இருக்கும்.

ஒற்றை முனை எங்காவது இருக்கிறதா என்று இயற்பியலாளர்கள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தத் தேடலின் கருவியும் வளையத்தின் பாயம்தான். மின்தடையே இல்லாத மீக்கடத்தி வளையம் தன் பாயத்தைக் குறிப்பிட்ட படிகளில் மட்டுமே ஏற்றுக்கொள்ளும். ஒரு படி என்பது 1 வெபரை 500 லட்சம் கோடி பங்குகளாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். 1982 பிப்ரவரி 14 அன்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிளாஸ் கப்ரேரா வைத்திருந்த நான்கு சுற்று மீக்கடத்திச் சுருளில் பாயம் திடீரென 8 படி தாவியது. ஒற்றை முனை ஒன்று கடந்து போனால் சுற்றுக்கு 2 படி வீதம் தாவ வேண்டியதும் அதே 8தான். அதற்குப் பிறகு அதைவிடப் பெரிய வளையங்களை வைத்துத் தேடியும் அப்படி ஒரு தாவல் உறுதியாகப் பதிவாகவில்லை.

பயிற்சிக்கு நான்கு

ஒன்று: 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளையம் 0.5 டெஸ்லா புலத்துக்கு நேர்குத்தாக இருக்கிறது. பரப்பு 0.0314 சதுர மீட்டர், பாயம் 0.0157 வெபர். ஆரத்தை மீட்டராக மாற்றாமல் பெருக்கினால் விடை பத்தாயிரம் மடங்கு தவறிப்போகும்.

இரண்டு: அந்த வளையத்தை வாயாகக் கொண்ட அரைக்கோளக் கிண்ணத்தின் வளைந்த பரப்பின் பாயம் எவ்வளவு? அதே 0.0157 வெபர். வாயின் வழியே நுழைந்த கோடுகள் அனைத்தும் கிண்ணத்தின் அடியைத் துளைத்துத்தான் வெளியேற முடியும். கிண்ணத்தின் பரப்பு இரு மடங்கு என்பதால் பாயமும் இரு மடங்கு என்று எழுதுவது பலர் செய்யும் தவறு. அந்தப் பரப்பின் பெரும்பகுதி புலத்துக்குச் சாய்ந்து நிற்கிறது.

மூன்று: சீரான புலத்துக்குள் அதே வளையத்தைச் சாய்க்காமல் பக்கவாட்டில் வேகமாக நகர்த்தினால் எத்தனை வோல்ட் தோன்றும்? வளையம் முழுவதும் புலத்துக்குள்ளேயே இருக்கும்வரை சுழி. ஒரே நெருக்கத்தில் நட்ட வயலில் வளையத்தை எங்கே கொண்டுபோய் இறக்கினாலும் தாள்களின் எண்ணிக்கை ஒன்றுதான்.

நான்கு: அதே வளையத்தை 0.1 நொடியில் குப்புறக் கவிழ்த்தால்? தொடக்கத்திலும் முடிவிலும் பாயத்தின் அளவு 0.0157 என்பதால் மாற்றம் இல்லை என்று தோன்றும். ஆனால் ஆணி இப்போது எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. பாயம் நேர்க்குறி 0.0157இலிருந்து எதிர்க்குறி 0.0157க்குப் போயிருக்கிறது. மாற்றம் 0.0314 வெபர், சராசரி மின்னியக்கு விசை 0.314 வோல்ட்.